பெட்டியடிப் பையன் முதல் வெல்த் மேனேஜர் வரை



சென்ற காலாண்டில் நம் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனத்தார், நம் சங்கக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம் நடத்த அனுமதி கேட்டிருந்தார்கள். பொருள்: 'வெல்த் மேனேஜ்மென்ட்'. காபி, டிபன் அவர்கள் செலவு. செயற்குழுவில் இது பேச்சுக்கு வந்தபோது, "சார் பேங்க்ல இருந்தவர்தானே, அவரே சொல்லட்டும்" என்று என்னைக் கைகாட்டிவிட்டார்கள்.

அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் செயற்குழுவின் வேலை. இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது, எப்படி மாறியது, அதில் நம்மைப் போன்றவர்கள் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது மட்டுமே என்னால் முடிந்தது. நான் பி.காம். படித்தவன். வங்கியில் 36 ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன், அதிகாரி அல்ல. கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததையும், அந்த ஆர்வத்தில் பிற்பாடு படித்ததையும் எழுதுகிறேன். நடுவில் என் தவறு ஒன்றையும் சொல்லியிருக்கிறேன். அதையும் சேர்த்துப் படியுங்கள்.

"தளிக்கு எதற்கய்யா வெல்த் மேனேஜர்?" என்று சிலர் கேட்கலாம். குளிர்ச்சியைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் 'லிட்டில் இங்கிலாந்து' என்று அழைத்த ஊர் இது. ராகியும் அவரையும் விளைந்த பூமி. பிறகு பசுமைக்குடில் ரோஜா வந்தது. இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் கொய்மலர் மகத்துவ மையம் நம் தளியில்தான் அமைந்தது. மறுபுறம் ஓசூரில் 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. இப்போது தொழிற்பேட்டை தேன்கனிக்கோட்டைப் பக்கமும் நகர்ந்துவிட்டது. ஆனேக்கல் தாண்டினால் பெங்களூர். நிலத்தின் விலை எப்படி ஏறியது என்பது உங்களுக்கே தெரியும். மழையையும் மார்க்கெட்டையும் நம்பி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் பாஸ்புக்கில், பத்திரம் பதிவான மறுநாள் முன்னெப்போதும் பார்க்காத ஒரு தொகை நிற்கிறது. அடுத்த வாரம் வாசலில் ஒரு காரும் நிற்கிறது. அதிலிருந்து இறங்குபவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர். அவருடைய பாட்டன், முப்பாட்டன் யார் என்று பார்ப்போம்.

செட்டிநாட்டுக் கடை

பிறர் பணத்தைப் பார்த்துக்கொள்வதை ஒரு முறையான தொழிலாகத் தமிழ்நாட்டில் வளர்த்தவர்கள் நகரத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலங்கை, பர்மா, மலாயா எங்கும் அவர்களுடைய கடைகள் இருந்தன. 'கடை' என்றால் சரக்குக் கடை அல்ல, வட்டிக் கடை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு 'விலாசம்' உண்டு. விலாசம் என்பது முகவரி அல்ல, குடும்பத்தின் முதலெழுத்துகள். அந்த எழுத்துகள் ஒரு உண்டியலில் இருந்தால் கடல் கடந்தும் பணம் கிடைக்கும்.

முதலாளி காரைக்குடிப் பக்கத்து வீட்டில் இருப்பார். இரங்கூனில் கடையை நடத்துபவர் ஏஜெண்டு, அதாவது மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பணப்பெட்டியின் அடியில் உட்கார்ந்து, கணக்கு எழுதுவதையும் ஆளை எடைபோடுவதையும் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளும் சிறுவன் அவன். மேலாளுக்கு மூன்று ஆண்டுத் தவணை. சம்பளம் முன்கூட்டியே பேசப்பட்டிருக்கும். தவணை முடிந்து ஊர் திரும்பியதும் கணக்குப் பார்த்து லாபத்தில் ஒரு பங்கு கிடைக்கும். பேரேடு, குறிப்பு, ஐந்தொகை எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். நான் கல்லூரியில் 'டிரையல் பேலன்ஸ்' என்று படித்ததை அவர்கள் எனக்கு முன்பே ஐந்தொகை என்ற பெயரில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடையில் இருந்தது முதலாளியின் பணம் மட்டுமல்ல. உறவினர் வைப்பு, கோயில் பணம், பெண்கள் சீதனமாகக் கொண்டுவந்த 'ஆச்சிமார் பணம்' எல்லாம் அங்கே வட்டியில் வளர்ந்தன. எந்த வட்டி என்பதையும் ஒருவர் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. இரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். ஒரு மேலாள் ஆச்சியின் பணத்தை ஏமாற்றினால், அவர் திரும்பிப் போகவேண்டிய ஊரும் அதே ஊர்தான், பெண் எடுக்கவேண்டிய வீடும் அந்த வட்டத்துக்குள்தான். சட்டம் செய்யும் வேலையைச் சொந்தபந்தம் செய்தது.

அப்படியானால் அந்த முறையில் குறையே இல்லையா? இருந்தது. 1930ஐ ஒட்டி பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் செட்டியார்களின் மூலதனத்தைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று கணித்தது. அந்தக் காலத்து 75 கோடி. அதில் பெரும்பகுதி நெல் நிலத்தை ஈடாக வைத்துக் கொடுத்த கடன். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம்தான் கைக்கு வந்தது. 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1938இல் அது சுமார் 25 சதவீதம். காகிதத்தில் பெரும் செல்வம். 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். பலர் நடந்தே இந்தியா திரும்பினார்கள். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. நிலமும் போயிற்று.

மேலாள்கள் நேர்மையாக இருந்தும் நடந்தது இது. எல்லா நெல்லையும் ஒரே குதிரில் கொட்டியதுதான் காரணம். முன்கூட்டியே யோசித்தவர்களும் இருந்தார்கள். மோல்மேனில் வட்டித் தொழிலாகத் தொடங்கிய முருகப்பா குடும்பம், 1930களிலேயே முதலைத் தாயகத்துக்கு மாற்றிக்கொண்டு ஆலைத் தொழிலுக்கு வந்தது. அவர்களுடைய சைக்கிள் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டது. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஆரம்பித்தார். பணத்தைப் பெருக்குவது ஒரு வித்தை, பிரித்து வைப்பது வேறொரு வித்தை என்று அந்தத் தலைமுறைக்குப் பாடமாயிற்று.

ஆர்பத்நாட் வீழ்ச்சி

இதே காலத்தில் சென்னைப் பட்டணத்தில் வசதியான குடும்பங்களின் பணம் வேறொரு இடத்துக்குப் போனது. ஆர்பத்நாட் கம்பெனி. நூறு ஆண்டுப் பெருமை கொண்ட வெள்ளைக்கார நிறுவனம். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சட்ட மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர், கவர்னரின் வட்டத்தில் பழகியவர். ஜமீன்தார்கள், அரசு அதிகாரிகள், ஓய்வூதியக்காரர்கள், கோயில்கள், விதவைகள் எல்லோரும் அங்கே பணம் போட்டார்கள். சொந்தபந்தம் இல்லாத இடத்தில் 'சர்' பட்டத்தையும் கட்டடத்தையும் பார்த்து வந்த நம்பிக்கை அது.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. ஆர்பத்நாட் திவால் என்ற செய்தி பரவியது. அதற்கு இரண்டு நாள் முன்பு லண்டனில் அந்த நிறுவனத்தின் கூட்டாளி பேட்ரிக் மக்ஃபேடியன் ரயில் முன் விழுந்து உயிரை விட்டிருந்தார். சென்னையில் வைப்பாகப் போட்ட பணம், போட்டவர்களுக்குத் தெரியாமல் லண்டனில் யூக வியாபாரத்தில் கரைந்திருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. சர் ஜார்ஜுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. போன பணம் வரவில்லை.

இந்த வழக்கில் பணம் இழந்தவர்கள் பக்கம் நின்ற வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். நம் பணத்தை நாமே பார்த்துக்கொள்ள ஒரு வங்கி வேண்டும் என்று அவர் முன்னின்று முயன்றார். நகரத்தார் சிலரும் கைகொடுத்தார்கள். 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவாகி, அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது. நம்மில் பலர் ஓய்வூதியம் வாங்கும் வங்கிகளின் பிறப்புக்குப் பின்னால் இப்படி ஒரு ஏமாற்றம் இருக்கிறது. இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் 1969 ஜூலை 19 அன்று அரசுடைமையான 14 வங்கிகளில் சேர்ந்தவை.

ஆடிட்டர் காலம்

சுதந்திரத்துக்குப் பிறகு பணக்காரக் குடும்பங்களுக்கு முக்கியக் கவலை வரி. 1953இல் எஸ்டேட் டூட்டி, 1957இல் செல்வ வரி, 1958இல் கொடை வரி. செத்தால் வரி, வைத்திருந்தால் வரி, கொடுத்தால் வரி என்று எங்கள் பேராசிரியர் வேடிக்கையாகச் சொல்வார். 1973-74இல் உச்ச வருமான வரி, கூடுதல் கட்டணம் சேர்த்து 97.75 சதவீதம். நூறு ரூபாயின் மேல்தட்டில் கையில் நிற்பது இரண்டே கால் ரூபாய்.

அதனால் அந்தக் காலத்தில் ஒரு வசதியான குடும்பத்தின் உண்மையான பண ஆலோசகர், குடும்ப ஆடிட்டர்தான். கூட்டுக் குடும்பத்தைத் தனி வரி அலகாகக் காட்டுவது, பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், மகளுக்கு எழுதிவைப்பது எல்லாவற்றையும் அவரைக் கேட்டே செய்தார்கள். அவர் எதையும் விற்கவில்லை. குடும்பம் கொடுத்த கட்டணம்தான் அவர் வருமானம். அவர் சொன்ன யோசனை சரியோ தவறோ, அவருக்குச் சோறு போட்டது வாடிக்கையாளர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலீட்டுக்கு வழிகளும் குறைவு. நிலம், நகை, வங்கி வைப்பு, அஞ்சலகம், 1964இல் வந்த யூனிட் டிரஸ்ட்டின் யு.எஸ்.64. அந்த யு.எஸ்.64ஐ 'அரசாங்கப் பணம்' என்றே நினைத்து என் சக ஊழியர்கள் பலர் வாங்கினார்கள். 2001 ஜூலையில் அதன் விற்பனையும் திரும்பப் பெறுவதும் திடீரென நிறுத்தப்பட்டபோது, எங்கள் கிளையில் அன்று பிற்பகல் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கவுண்ட்டரில் நடந்த மாற்றம்

எஸ்டேட் டூட்டி 1985இல் போயிற்று. கொடை வரி 1998இல் போயிற்று. செல்வ வரி 2015இல் போயிற்று. 1992இல் செபிக்குச் சட்ட அதிகாரம் வந்தது. 1993இல் பிறருடைய முதலீட்டுத் தொகுப்பை நிர்வகிப்பவர்களுக்கு விதிகள் வந்தன. புதிய தனியார் வங்கிகள், தனியார் மியூச்சுவல் ஃபண்டுகள், 2000க்குப் பின் தனியார் காப்பீடு என்று கடைகள் பெருகின. வசதியான வாடிக்கையாளரைக் கவனிக்க 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்' என்று ஒருவர் வந்தார். பெயரிலேயே உறவு இருந்தது. ஆனால் ஆடிட்டரைப் போல அவருக்குக் கட்டணம் கொடுத்தது வாடிக்கையாளர் அல்ல. எந்தத் திட்டம் விற்றதோ அந்தத் திட்டத்தை நடத்தும் கம்பெனி, கமிஷனாகக் கொடுத்தது. வாடிக்கையாளருக்கு அது இலவசம் போலத் தெரிந்தது.

எங்களைப் போன்ற சாதாரணக் கிளைகளுக்கும் காப்பீடு விற்கும் வேலை வந்தது. என் தவறு அங்கேதான்.

2008 ஜனவரி. சென்செக்ஸ் 21,000ஐத் தொட்டிருந்த நேரம். எந்தக் கிளை, எந்த வங்கி என்பது வேண்டாம். நம் பக்கத்து விவசாயி ஒருவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நிலத்தில் ஒரு பகுதியை விற்றுப் பணத்தை வைப்பில் போட்டிருந்தார். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். எழுத்துக் கூட்டிப் படிப்பார். எதற்கும் என் கவுண்ட்டருக்குத்தான் வருவார். மேலிருந்து இலக்கு வந்திருந்தது. "உங்க சொல்லைத்தான் அவர் கேட்பார், கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்று அதிகாரி கேட்டார். யூனிட்டோடு இணைந்த காப்பீட்டுத் திட்டம், ஆண்டுக்கு ஐந்து லட்சம். நான் படிவத்தை முழுக்கப் படிக்கவில்லை. "நல்ல திட்டம்தான் ஐயா, போடுங்க" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அது ஒரே தடவை கட்டும் பணம் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆண்டுதோறும் கட்ட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்லவில்லை. அக்டோபர் முடிவதற்குள் சென்செக்ஸ் 9,000க்குக் கீழே போனது. இரண்டாம் ஆண்டு நோட்டீஸ் வந்தபோது அவரிடம் பணம் இல்லை. மகள் கல்யாணத்துக்குச் செலவாகிவிட்டது. பாலிசி காலாவதி ஆனது. கட்டணங்கள் போக, மூன்று ஆண்டு கழித்துக் கைக்கு வந்தது மூன்று லட்சத்துக்கும் குறைவு. அந்தக் காலத்தில் இந்த வகைத் திட்டங்களில் முதல் ஆண்டுப் பிரீமியத்தில் கணிசமான பகுதி கமிஷனாகவும் கட்டணமாகவும் போய்விடும். கட்டணங்களுக்கான விதிகள் 2010 செப்டம்பரில் கடுமையாயின.

அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னதாலதானே சார் போட்டேன்" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என் கவுண்ட்டருக்கு வரவில்லை. என் முன்னால் யாரும் இல்லாவிட்டாலும் பக்கத்து வரிசையில் நின்று காத்திருப்பார். அந்தக் காலாண்டில் இலக்கை முடித்ததற்காக எங்கள் எல்லோருக்கும் ஒரு டிராவல் பேக் கொடுத்தார்கள். அது இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஒரு தடவைகூட எடுத்துப் போனதில்லை.

நான் கமிஷன் வாங்கவில்லை, உண்மை. ஆனால் என் முகத்தை விற்றேன். ஆர்பத்நாட்டில் 'சர்' பட்டம் செய்த வேலையை, எங்கள் கிளையில் என் பழக்கம் செய்தது.

பெரிய இடத்து ஏமாற்றங்கள்

படித்தவர்கள், பெரிய பணக்காரர்கள் இப்படி ஏமாற மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2010 டிசம்பரில் சிட்டிபேங்கின் குர்கான் கிளையில் ஒரு மோசடி வெளிவந்தது. அங்கிருந்த ரிலேஷன்ஷிப் மேனேஜர் ஒருவர், செபியின் பெயரில் போலிக் கடிதம் காட்டி, அதிக லாபம் தரும் திட்டம் என்று சொல்லி, வசதியான வாடிக்கையாளர்களின் பணத்தைப் பங்குச் சந்தையில் திருப்பிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. தொகை 300 கோடிக்கும் மேல். ஏமாந்தவர்களில் தொழில் நிறுவனங்களும் இருந்தன.

இன்னொன்று எஸ் பேங்க். வங்கி தள்ளாடியபோது, 2020 மார்ச்சில் அது வெளியிட்டிருந்த 8,415 கோடி ரூபாய் ஏ.டி.1 பத்திரங்களின் மதிப்பு ஒரே அறிவிப்பில் பூஜ்யமாக்கப்பட்டது. இந்தப் பத்திரம் வைப்பு அல்ல. வங்கிக்குச் சிரமம் வந்தால் முதலும் போகலாம் என்பது அதன் விதியிலேயே இருந்தது. அப்படிப்பட்டதைத் தனிநபர்களுக்கு எப்படி விற்றார்கள் என்று செபி விசாரித்தது. 2021 ஏப்ரல் உத்தரவின்படி 1,346 தனிநபர்கள் சுமார் 679 கோடி போட்டிருந்தார்கள். அவர்களில் 1,311 பேர் அந்த வங்கியின் ஏற்கெனவே இருந்த வாடிக்கையாளர்கள். 277 பேர் அதே வங்கியில் இருந்த வைப்பை முன்கூட்டியே முடித்து இதில் போட்டவர்கள். வங்கிக்கு 25 கோடி அபராதம் விதிக்கப்பட்டது; அதை எதிர்த்து மேல்முறையீடு ஆயிற்று. பத்திரங்களை அழித்தது செல்லுமா என்ற வழக்கும் பம்பாய் உயர்நீதிமன்றம் வழியாக உச்சநீதிமன்றம் வரை போனது.

அந்த 277 என்ற எண்ணைப் படித்தபோது எனக்கு என் கவுண்ட்டர்தான் நினைவுக்கு வந்தது. யாரோ ஒருவர், பழகிய முகம், "வைப்பை எடுத்து இதில் போடுங்க, வட்டி கூட" என்று சொல்லியிருப்பார்.

சட்டம் சொன்னது என்ன

இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. 1830இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஒரு பணக்காரர் 50,000 டாலரை அறங்காவலர்களிடம் விட்டுச் சென்றார். மனைவியின் காலத்துக்குப் பின் அது ஹார்வர்டு கல்லூரிக்கும் ஒரு மருத்துவமனைக்கும் சேர வேண்டும். அறங்காவலர்கள் ஆலை, காப்பீட்டுப் பங்குகளில் போட்டார்கள், மதிப்பு குறைந்தது. ஹார்வர்டு வழக்குப் போட்டது. முதல் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் அறங்காவலரைத் தண்டிக்க முடியாது, விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பணத்தைப் பார்த்துக்கொள்வது போல அவர்கள் பார்த்துக்கொண்டார்களா என்பதே கேள்வி என்று நீதிபதி சாமுவேல் புட்னம் தீர்ப்பளித்தார். இன்றுவரை அதுதான் அளவுகோல்.

இதை நான் என் தவறோடு வைத்துப் பார்க்கிறேன். சந்தை விழுந்தது என் குற்றம் இல்லை. என் சொந்தப் பணமாக இருந்தால் படிவத்தைப் படித்திருப்பேன். அதுதான் குற்றம்.

அமெரிக்கா 1940இல் முதலீட்டு ஆலோசகர்களுக்குத் தனிச் சட்டம் போட்டது. பிரிட்டன் 2013 தொடக்கத்திலிருந்து, ஆலோசனை சொல்பவர் முதலீட்டுத் திட்டக் கம்பெனியிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்றது. இந்தியாவில் 2009 ஆகஸ்ட் முதல் மியூச்சுவல் ஃபண்டின் நுழைவுக் கட்டணம் நீக்கப்பட்டது. 2013 ஜனவரி முதல், கமிஷன் இல்லாத 'டைரக்ட்' திட்டம் ஒவ்வொரு ஃபண்டிலும் கட்டாயமானது. அதே மாதம் முதலீட்டு ஆலோசகர் விதிகளும் வந்தன. ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனைக் கட்டணமும் விற்பனைக் கமிஷனும் சேர்த்து வாங்கக் கூடாது என்பது 2020இல் உறுதியானது. சொத்தின் மேல் சதவீதமாகக் கட்டணம் வாங்கினால் ஆண்டுக்கு 2.5 சதவீதம் உச்சவரம்பு.

அதாவது சுற்றிச் சுற்றி, பழைய குடும்ப ஆடிட்டரின் முறைக்கே சட்டம் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இத்தனை கோடி மக்கள் உள்ள நாட்டில், 2024இல் செபியிடம் பதிவு செய்த ஆலோசகர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. காரணம் நாம்தான். ஆலோசனைக்கு ஐயாயிரம் கொடுக்க மனம் வராது. கண்ணுக்குத் தெரியாமல் ஆண்டுதோறும் கழியும் கமிஷன் நமக்கு வலிப்பதில்லை. ஒரு கோடி ரூபாய் முதலீட்டில் ஒரு சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சம். அதை 'இலவச ஆலோசனை' என்று சொல்கிறோம்.

அந்தப் பக்கத்து நியாயம்

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள் பெங்களூரில் இதே வேலையில் இருக்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது பேசினேன். சுமார் அறுபது குடும்பங்கள் அவள் பொறுப்பில். "பங்குச் சந்தை பேசுறது கொஞ்சம்தான் அங்கிள். அண்ணன் தம்பி சண்டை, உயில் எழுதாம இறந்த அப்பா, நாமினி மாத்தாத கணக்கு, வெளிநாட்டுல இருக்கிற பையன், இதைத்தான் பாதி நாள் பேசுறோம்" என்றாள். ஒரு விதவைத் தாய்க்குக் கணவரின் கணக்குகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்க நான்கு மாதம் அலைந்ததையும் சொன்னாள். அதற்கு அவளுக்கு எந்த இலக்கிலும் மதிப்பெண் கிடையாது. "மாசக் கடைசியில என்ன வித்தேன்னுதான் கேப்பாங்க" என்றாள்.

நல்ல ஆலோசகர் இப்படித்தான் இருப்பார். குடும்பத்தின் கடன், வரி, வயது, பிள்ளைகள், பயம் எல்லாம் கேட்ட பிறகே எதில் போடலாம் என்று சொல்வார். ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் ஏமாற்றுக்காரன் இல்லை. நல்லவர்களையும் தவறு செய்ய வைக்கும்படி அவர்கள் சம்பளம் அமைந்திருக்கிறது. இந்த வரலாற்றில் நான் கண்டது அதுதான்.

செயற்குழுவுக்கும் உங்களுக்கும்

கூட்டத்துக்கு அனுமதி கொடுக்கலாம் என்பது என் கருத்து. கேட்பதில் தவறில்லை. ஆனால் வருபவர்களிடம் கூட்டத்தின் தொடக்கத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, உங்கள் பதிவு எண் என்ன? ஐ.என்.ஏ. என்று தொடங்கினால் அவர் செபியில் பதிவான ஆலோசகர். ஏ.ஆர்.என். என்றால் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், விற்பவர். விற்பது குற்றமில்லை, ஆனால் விற்பவர் என்று தெரிந்து கேட்க வேண்டும். ஐ.என்.ஏ. எண்ணைச் செபியின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

இரண்டாவது, நான் இதில் பணம் போட்டால் உங்களுக்கு எவ்வளவு, யாரிடமிருந்து கிடைக்கும்? ரூபாயில் எழுதித் தரச் சொல்லுங்கள். சதவீதத்தில் வேண்டாம்.

மூன்றாவது, நடுவில் எடுத்தால் எவ்வளவு வரும்? ஒரு தடவை கட்டுவதா, ஆண்டுதோறும் கட்டுவதா? இந்தக் கேள்வியை நான் அந்தப் பெரியவரிடம் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும்.

நான்காவது கேள்வி நம்மை நாமே கேட்டுக்கொள்வது. இவரை நான் ஏன் நம்புகிறேன்? பேச்சு நன்றாக இருப்பதாலா, பட்டம், கட்டடம், கார் இவற்றைப் பார்த்தா, அல்லது தெரிந்தவர் சொன்னதாலா? தெரிந்தவர் சொன்னார் என்றால் அந்தத் தெரிந்தவர் படிவத்தைப் படித்தாரா என்று கேளுங்கள்.

அன்றே கையெழுத்து, அன்றே காசோலை என்பது கூட்டத்தில் கூடாது என்று செயற்குழு நிபந்தனை வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். காகிதங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மனைவியோ மகனோ மகளோ பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். படித்துப் புரியாதவர்கள் எந்த நாள் மாலையும் எங்கள் வீட்டுக்கு வரலாம். நான் ஆலோசகர் அல்ல. எங்கே போடலாம் என்று சொல்ல மாட்டேன். படிவத்தை மட்டும் வரிவரியாகப் படித்துக் காட்டுவேன். அந்த வேலை எனக்குப் பாக்கி இருக்கிறது.